பழைய மாத்திரையே போதும், தவறாமல் கிடைத்தால்

அனுப்புநர்
அ. கொளஞ்சியப்பன் (வயது 42),
த/பெ. அய்யாக்கண்ணு,
கடைவீதி பின்புறம், வேப்பந்தட்டை,
பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
பெரம்பலூர்.

பொருள்: மனநல மாத்திரை இடைவிடாமல் கிடைக்கவும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒருவர் வந்து விசாரிக்கவும் ஆவன செய்ய வேண்டுதல் – ஜெயங்கொண்டம் பக்கத்துப் பெண் ஒருவருக்கு ஆய்வு மருந்து நின்றுபோனது – என் முந்தைய மனுக்களைத் திரும்பப் பெறுதல் – தொடர்பாக.

பார்வை: 2002 முதல் 2006 வரை தங்கள் அலுவலகத்திற்கு நான் அனுப்பிய 18 மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் பெயரைக் கண்டதும் இம்மனுவைப் பழைய மனுக்கட்டில் சேர்ப்பதற்காகத் தங்கள் பிரிவு எழுத்தர் எழுந்திருக்கக்கூடும். அவரைச் சற்று உட்காரச் சொல்லுமாறு முதற்கண் வேண்டிக்கொள்கிறேன். மேற்படி பதினெட்டு மனுக்களை எழுதியவனும் நானே, இதை எழுதுபவனும் நானே. எனினும் இடையில் சில சங்கதிகள் நடந்துவிட்டன. அவற்றைச் சுருக்கமாகச் சொல்ல முயல்கிறேன். சுருக்கமாகச் சொல்வது எனக்கு வழக்கமில்லை என்பது தங்கள் அலுவலகம் அறிந்ததே.

2. நான் 1991 முதல் வேப்பந்தட்டையில் ‘ஸ்ரீ கொளஞ்சியப்பர் ஆடியோஸ்’ என்ற பெயரில் மைக் செட் வாடகைக்கு விட்டுவந்தேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் மரத்தில் குழாய் கட்டி ஊருக்குக் கேட்கச் செய்வது என் தொழில். 2001ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் எனக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. வேறு எவராவது என்றால் பயந்திருப்பார். நான் தொழில் தெரிந்தவன் என்பதால் முதலில் ஆம்ப்ளிபயரைக் கழற்றிப் பார்த்தேன். பிறகு ஒயரை மாற்றினேன். பிறகு குழாய்களை இறக்கி வீட்டுக்குள் வைத்துப் போர்வையால் மூடினேன். குரல்கள் நிற்கவில்லை. ஆகவே இது எதிர்க்கடை வேலைதான் என்று முடிவு செய்தேன்.

3. எதிர்க்கடை என்பது திரு. தர்மன் அவர்களின் ‘தர்மன் சவுண்ட் சர்வீஸ்’. மேற்படியார் என் குடும்ப விஷயங்களைக் கம்பியில்லாமல் ஒலிபரப்புகிறார் என்பது என் மனு எண் 1 முதல் 9 வரை உள்ள குற்றச்சாட்டு. மனு எண் 10, அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுமிடங்களில் நான் ஏதாவது நினைக்கும் நேரம் பார்த்தே வெடி வைக்கிறார்கள் என்பது. மனு எண் 11, அரியலூர் மாவட்டத்தை மறுபடியும் பெரம்பலூரோடு இணைத்தது என் பேச்சை இரண்டு அலுவலகங்களில் கேட்பதற்குப் பதிலாக ஒரே அலுவலகத்தில் கேட்டுச் சிக்கனம் பிடிப்பதற்காகவே என்பது. இந்த ஒன்றில் மட்டும் அரசின் சிக்கன உணர்வைப் பாராட்டி ஒரு வரி எழுதியிருந்ததாக ஞாபகம். மனு எண் 14, என் வீட்டுத் தொலைபேசி ஒயரை யாரோ அறுத்துவிட்டார்கள் என்பது. அறுத்தது நான்.

4. இவற்றில் மனு எண் 6ஐத் தங்கள் அலுவலகம் உண்மையென எடுத்துக்கொண்டு விசாரணைக்கு அனுப்பியது. அதன் பேரில் காவலர் இருவர் வந்து திரு. தர்மனின் ஆம்ப்ளிபயரை எடுத்துச் சென்று இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அந்த இரண்டு நாளில் அவருக்கு ஒரு கல்யாண வேலை கைவிட்டுப் போயிற்று. குரல்கள் அந்த இரண்டு நாளும் தெளிவாகக் கேட்டன. இதை நான் அப்போது தங்களுக்குத் தெரிவிக்கவில்லை. இப்போது வெட்கத்துடன் தெரிவிக்கிறேன்.

5. இது மனச்சிதைவு நோய் என்று 2003இல் அரசு மருத்துவமனை ஒன்றில் கண்டு சொன்னார்கள். ரிஸ்பெரிடோன் என்ற மாத்திரையைத் தினமும் போடும்படி கொடுத்தார்கள். பதினோரு நாள் போட்டேன். பிறகு மாத்திரையும் திரு. தர்மனின் ஏற்பாடு என்று குரல்கள் சொன்னதால், என் மனைவி அம்பிகா பார்க்கும்போது நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, அவர் திரும்பியதும் கொல்லையில் உள்ள முருங்கை மரத்தடியில் துப்பிவந்தேன். இப்படி ஏழு மாதம். எவரும் கேட்கவில்லை, எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. மேற்படி முருங்கை மரம் இன்றளவும் நல்ல மனநிலையில் உள்ளது. என் நிலை அப்படியிருக்கவில்லை. 2004இல் என் குழாய்களை நானே கடப்பாரையால் உடைத்தேன். மீதியை அம்பிகா விற்றார். அந்த ஆண்டு முழுவதும் அவர் என்னோடு ஓர் அறையில் படுக்கவும் பயந்தார். இதைக் கேலியாக எழுத என்னால் முடியவில்லை. அடுத்த பத்திக்குச் செல்கிறேன்.

6. 2005 ஜூன் மாதத்தில் என் மைத்துனர் என்னைத் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே வெளிநாட்டு நிறுவனம் ஒன்று மனச்சிதைவு நோய்க்குப் புதிதாகக் கண்டுபிடித்த மருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்றும், சிலருக்குப் புது மருந்தும் சிலருக்குப் பழைய மருந்தும் ஒரே மாதிரிக் குப்பியில் தருவார்கள் என்றும் விளக்கினார்கள். இருபத்தொரு பக்கத்துக்கு ஒரு சம்மதப் படிவம் கொடுத்தார்கள். அதன் தமிழ், என்னைவிட அதிகமாகக் குரல் கேட்கும் ஒருவர் எழுதியது போலிருந்தது. ஆனால் ஏழாம் பக்கத்தில், ‘தாங்கள் எந்த மருந்தைப் பெறுகிறீர்கள் என்பதைத் தாங்களோ தங்கள் மருத்துவரோ அறியமாட்டீர்கள்’ என்று அச்சிட்டிருந்தது. எனக்குத் தெரியாமல் என்னென்னவோ நடக்கிறது என்று நான் நான்கு வருடமாகச் சொல்லிவந்தேன். ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. இவர்கள் அதை எழுத்திலேயே கொடுக்கிறார்கள். ஆகவே நேர்மையானவர்கள் என்று நம்பி இருபத்தொரு பக்கத்திலும் கையொப்பமிட்டேன். அம்பிகாவும் இட்டார். அவர் வேறு காரணத்துக்காக இட்டார். வேறு வழியில்லை என்பது அவர் காரணம்.

7. அந்த ஆய்வில் எங்களைக் கவனித்தவர் செல்வி. ருமைசா. லப்பைக்குடிக்காட்டைச் சேர்ந்தவர், மருந்தியல் படித்தவர், வயது இருபத்துநான்கு இருக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நாங்கள் திருச்சி செல்ல வேண்டும். அவர் என் குப்பியைக் கவிழ்த்து மிச்சமுள்ள மாத்திரைகளை ஒவ்வொன்றாக எண்ணுவார். முதல் தடவை மூன்று கூடுதலாக இருந்தன. அவர் திட்டவில்லை. “அண்ணே, இந்த மூணும் எந்த மூணு நாளுன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்” என்று மட்டும் கேட்டார். எனக்கு எந்த நாள் என்று தெரியவில்லை. நான் தவறவிட்ட நாளைக்கூட ஒருவர் எழுதி வைத்துக்கொள்கிறார் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. அடுத்த தடவை ஒன்றுகூடக் கூடுதலாக இல்லை. பிறகு மருத்துவர் முப்பது தலைப்பில் கேள்வி கேட்பார். தூக்கம் எப்படி, யாராவது பின்தொடர்கிறார்களா, குரல் ஆணா பெண்ணா, இப்போது கேட்கிறதா என்று. அதே கேள்விகளை ஓராண்டு கேட்டார். ஒருமுறைகூட அலுத்துக்கொள்ளவில்லை.

8. இது தவிர, வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தொலைபேசியில் விசாரிப்பது ருமைசாவின் கடமை. எங்கள் வீட்டுத் தொலைபேசியின் கதி முன்பே தெரிவிக்கப்பட்டுள்ளது. ஆகவே அம்பிகா பக்கத்தில் இருந்த ஒரே எண்ணைக் கொடுத்திருக்கிறார். அது தர்மன் சவுண்ட் சர்வீஸின் எண். என்னிடம் கேட்டிருந்தால் நான் ஆய்விலிருந்தே விலகியிருப்பேன். அவர் கேட்கவில்லை.

9. முதல் செவ்வாய்க்கிழமை நடந்ததைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன். நான் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். திரு. தர்மன் கடையை விட்டு வர முடியாததால், வாசலில் இருந்த குழாயைப் போட்டு, “கொளஞ்சியப்பன் எங்கிருந்தாலும் உடனே கடைக்கு வரவும். திருச்சியிலேர்ந்து போன் வந்திருக்கு” என்று மைக்கில் அறிவித்தார். அதாவது, நான்கு வருடமாக நான் எந்தக் குற்றத்தை அவர்மேல் சுமத்திவந்தேனோ, அதை அவர் அன்றுதான் முதன்முறையாகச் செய்தார். நான் காதைப் பொத்திக்கொண்டு, வந்துவிட்டது, மறுபடியும் வந்துவிட்டது என்று மூலையில் ஒடுங்கினேன். அம்பிகா அடுப்படியிலிருந்து வந்து என் இரண்டு கையையும் காதிலிருந்து எடுத்துவிட்டு, “இது எனக்கும் கேக்குதுங்க. போயிப் பேசிட்டு வாங்க” என்றார்.

10. போனேன். திரு. தர்மன் என் முகத்தைப் பார்க்காமல் ரிசீவரை நீட்டினார். அடுத்த செவ்வாயும் கூப்பிட்டார். அதற்கடுத்த செவ்வாயும் கூப்பிட்டார். அந்த ஓராண்டில் அவர் ஒரு செவ்வாயைக்கூடத் தவறவிடவில்லை. தீபாவளி செவ்வாயில் வந்தது. அன்றும் அவர் கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தார். ஐந்தாறு மாதம் கழித்து, “யோவ், சும்மா போன் பேச மட்டும் வந்துட்டுப் போறியே, அந்த ஒயரப் புடி” என்றார். அன்றிலிருந்து நான் அவரிடம் வேலை பார்க்கிறேன். நான் கட்டும் குழாய்களில் அவர் என் குடும்ப விஷயம் எதையும் பேசியதில்லை என்று இதன்மூலம் சான்றளிக்கிறேன்.

11. குரல்கள் ஒரேயடியாக நிற்கவில்லை. முதலில் தூரமாகப் போயின. பிறகு பக்கத்து ஊர்த் திருவிழாபோல் காற்றடித்தால் மட்டும் கேட்டன. 2006 பங்குனியில் அம்பிகா மறுபடியும் என் அறையில் பாய் போட்டார். இதை மருத்துவரின் முப்பது தலைப்பில் எதிலும் எழுத இடமில்லாததால் இங்கே பதிவு செய்கிறேன்.

12. 2006 ஜூலையில் ஆய்வு முடிந்தது. மருத்துவர் என்னிடம், அரசு மருத்துவமனையில் கிடைக்கும் ரிஸ்பெரிடோன் மாத்திரையைத் தொடர்ந்து போடும்படி எழுதிக்கொடுத்தார். போட்டேன், ஆனால் ஏளனத்துடன் போட்டேன். என்னைக் குணமாக்கியது வெளிநாட்டு மருந்து என்பதிலும், உடம்பில் மிச்சமிருக்கும் அதன் வீரியத்தால்தான் நான் நடமாடுகிறேன் என்பதிலும் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. டீக்கடையில், பஸ்ஸில், ஒரு வளைகாப்பு வீட்டில்கூட அந்த மருந்தின் மகிமையைப் பேசினேன். 2006 செப்டம்பரில் தங்களுக்கு மனு எண் 18ஐ அனுப்பினேன். அம்மருந்தை அரசே எனக்காக இறக்குமதி செய்ய வேண்டும் என்றும், இல்லையேல் உண்ணாவிரதம் இருப்பேன் என்றும் அதில் எழுதியிருந்தேன். அம்மனுவைத் தாங்கள் படித்திருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

13. நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை ருமைசாவிடமிருந்து போன் வந்தது. ஆய்வுக் கணக்கை முடித்து இரகசியத்தைத் திறந்துவிட்டார்களாம். “அண்ணே, வருத்தப்படாதீங்க. நீங்க ஒரு வருஷமா சாப்பிட்டது பழைய மாத்திரதான். ரிஸ்பெரிடோன்” என்றார். நான் மறுபடியும் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். மூன்றாம் முறை பார்க்கச் சொன்னேன். “எத்தன தடவ பாத்தாலும் அதேதாண்ணே” என்றார்.

14. அதாவது ஐயா, நான் முருங்கை மரத்துக்குக் கொடுத்த அதே மாத்திரை. ஊரெல்லாம் பறைசாற்றிய வெளிநாட்டு மருந்து, ஏழு மாதம் என் கொல்லையில் துப்பிய மருந்து. வீட்டுக்கு வந்து அம்பிகாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து ஐந்து வருடம் இருக்கும். கௌரவம் போனால் போகிறது என்று நானும் கூடச் சிரித்தேன்.

15. பிறகு உட்கார்ந்து யோசித்தோம். மாத்திரை ஒன்றுதான். 2003இல் பயன்படவில்லை, 2005இல் பயன்பட்டது. இடையில் மாறியது என்ன? எண்ணிப் பார்க்க ஒருவர் இருந்தார். கேட்க ஒருவர் இருந்தார். குப்பி தீருமுன் அடுத்த குப்பி வந்தது. என் மைக் செட் மூளைக்கு இதைத் தவிர வேறு காரணம் எட்டவில்லை. அம்பிகாவுக்கும் எட்டவில்லை.

16. இப்போது என் குறைக்கு வருகிறேன். ஆய்வு முடிந்த பிறகு நான் மாத்திரை வாங்கும் அரசு மருத்துவமனையின் பெயரை இம்மனுவில் எழுதவில்லை. காரணம், அங்கே மருந்து கொடுக்கும் திரு. அய்யம்பெருமாள் நல்ல மனிதர், அவருக்கு ஏதும் நேரக்கூடாது. நவம்பரில் முப்பது நாளுக்குப் பதில் இருபது நாள் மாத்திரை கிடைத்தது. டிசம்பரில் இரண்டு தடவை போய் ஒரு தடவை கிடைத்தது. ஜனவரி 19ஆம் தேதி கையிலிருந்தது தீர்ந்தது. போய்க் கேட்டேன். “இண்டென்ட் போட்டு ஒன்றரை மாசம் ஆவுதுங்க. மேலேர்ந்து வரல. நான் என்னங்க செய்ய?” என்று காலி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். மனநல மருத்துவர் வாரம் ஒருநாள் வருவார். அந்த வாரம் அவருக்கு வேறு முகாம்.

17. அந்தச் சமயத்தில் நான் செய்த மடத்தனத்தை மறைக்க விரும்பவில்லை. வெளிக்கடையில் வாங்கலாம் என்று அம்பிகா சொன்னார். நான் குணமாகி வெகுநாள் ஆயிற்று, மாத்திரை இல்லாமலே இருந்து காட்டுகிறேன் என்று சொன்னேன். இருந்து காட்டினேன். ஒன்பது நாள்.

18. ஒன்பதாம் நாள், 28.01.2007 ஞாயிறன்று, வாலிகண்டபுரத்தில் ஒரு காதணி விழா. வேப்பமரத்தில் ஒன்றும் பந்தல் முகப்பில் ஒன்றுமாக இரண்டு குழாய் கட்டினேன். மொய் எழுதும் நேரத்தில் மூன்றாவது குழாய் ஒன்று பேசத் தொடங்கியது. நான் கட்டாத குழாய். குழந்தையின் காதில் போடப்போவது தோடு அல்ல, ஒட்டுக்கேட்கும் கருவி என்றது. நான் ஆம்ப்ளிபயரை அணைத்துவிட்டுக் குழந்தை உட்கார்ந்திருந்த மணையை நோக்கி எழுந்தேன். தூக்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும் என்பது என் எண்ணம். அந்தக் குழந்தைக்கு இரண்டு வயதிருக்கும். மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தது.

19. திரு. தர்மன் என் மணிக்கட்டைப் பிடித்தார். அத்தனை பேர் மத்தியில் சத்தம் போடாமல், “மாத்திர போட்டியாய்யா?” என்று கேட்டார். தீர்ந்து ஒன்பது நாள் ஆயிற்று என்றேன். “வா” என்றார். பாட்டுக் கேசட்டை ஓடவிட்டு, விழா வீட்டாரிடம் கரண்ட் சமாச்சாரம் என்று ஏதோ சொல்லிவிட்டு, தன் டி.வி.எஸ். வண்டியில் பின்னால் உட்காரவைத்துப் பெரம்பலூர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் இரண்டு மருந்துக்கடை பூட்டியிருந்தது. மூன்றாவதில் வாங்கி, கடைவாசலிலேயே தண்ணீர் பாக்கெட்டைக் கடித்துக் கொடுத்துப் போடச் சொன்னார். வாயைத் திறந்து காட்டச் சொன்னார். நாக்கைத் தூக்கியும் காட்டச் சொன்னார். முருங்கை மரத்துக் கதை அவருக்கும் தெரிந்திருக்கிறது.

20. மூன்றாவது குழாய் அடங்கப் பத்து நாள் ஆயிற்று. எனக்கு மாத்திரை கிடைக்காவிட்டால் யார் யாருக்கு என்ன நேரும் என்பதை நான் அந்த மணையருகே கண்டுகொண்டேன். இன்றைய தேதியில் என்னிடம் பிப்ரவரி 23 வரைக்கும் மாத்திரை இருக்கிறது.

21. என் கதை இவ்வளவே என்றால் தங்களைத் தொந்தரவு செய்திருக்கமாட்டேன். ஆய்வுக்குச் சென்றபோது எங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாப்பாத்தி என்ற பெண், ஜெயங்கொண்டம் பக்கத்தவர், வயது 29. அவருக்குக் கிடைத்தது நிஜமாகவே புது மருந்து. வரும்போது யாரிடமும் பேசாதவர், ஓராண்டு முடிவில் தையல் மெஷின் வாங்கி அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். என் மனைவிக்கும் ஒன்று தைத்துக் கொடுத்தார். ஆய்வு முடிந்ததும் அந்த மருந்தைத் தயாரிப்பதையே நிறுவனம் கைவிட்டுவிட்டதாம். வேறு மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். அது கேட்கவில்லை. அவர் அண்ணன் முருகையன் சென்ற வாரம் போனில், “தங்கச்சி மறுபடி செவுத்தப் பாத்து உக்காந்துடுச்சுங்க. அந்த மாத்திர பேரு என்னன்னு கேட்டா, பேரு இல்ல, நம்பர்தான் இருக்குங்கறாங்க. கடையில போயி நம்பரச் சொல்லி எப்புடிங்க கேக்கறது?” என்றார். புது மருந்து எனக்குத்தான் கிடைத்தது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். கிடைத்தவருக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. என்னைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சிரித்துக்கொள்ளலாம். இந்தப் பெண்ணை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

22. ஆகவே தங்களிடம் நான் பணிந்து கேட்பவை:

அ) நான் வாங்கும் அரசு மருத்துவமனைக்கு (பெயரை நேரில் சொல்கிறேன்) இம்மாத்திரை இடைவிடாமல் வர உத்தரவிட வேண்டும். இறக்குமதி வேண்டாம். பழைய மாத்திரையே போதும்.

ஆ) பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒருவர் வந்து மாத்திரையை எண்ணி, இரண்டு வார்த்தை கேட்டுப்போக வேண்டும். முப்பது கேள்வி வேண்டியதில்லை. கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணிகளைப் பார்க்க எப்படியும் எங்கள் தெருவுக்கு வருகிறார். அவர்கள் வரிசையில் கடைசியாக நிற்க எனக்குக் கூச்சமில்லை. கூச்சப்படும் கட்டத்தை நான் தாண்டி வெகுகாலம் ஆகிறது.

இ) பாப்பாத்திக்கு நேர்ந்ததை மேலிடத்திற்கு எழுதி, அம்மருந்து எங்காவது மிச்சமிருந்தால் அவருக்குக் கிடைக்கவும், இல்லையெனில் அவரைப் பெரிய மருத்துவர் ஒருவர் நேரில் பார்க்கவும் வழிசெய்ய வேண்டும். நோயாளியின் உடம்பில் மருந்தைச் சோதித்தவர்கள், சோதனை முடிந்தபின் அந்த நோயாளி என்ன ஆவார் என்று இருபத்தொரு பக்கத்தில் எங்கும் எழுதவில்லை. நேற்று உட்கார்ந்து மறுபடியும் படித்துவிட்டேன்.

ஈ) மனு எண் 1 முதல் 18 வரை அனைத்தையும் இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன். திரு. தர்மன் அவர்கள் பேரில் தங்கள் அலுவலகத்தில் ஏதேனும் குறிப்பு இருந்தால் அதை நீக்க வேண்டும். அவருக்கு நான் செய்ததை நீக்க எனக்கு வழி தெரியவில்லை.

23. இம்மனுவை எழுதும்போது நான் தெளிவாக இருக்கிறேன். எழுதியதை அம்பிகா இருமுறை படித்துப் பார்த்து, நான்கு இடங்களில் நான் மிகைப்படுத்தியிருந்ததை அடித்துவிட்டார். முருங்கை மரத்தை அடிக்கவில்லை.

24. கடைசியாக ஒன்று. தாங்கள் எவ்வளவு முயன்றும் மாத்திரை வராமல் போகலாம். அரசாங்கத்தில் அது யாருடைய தவறாகவும் இல்லாமலே நடக்கும் என்பதை நான் அறிவேன். அப்போது என்னிடமிருந்து தங்களுக்கு இருபதாவது மனு வரக்கூடும். திரு. தர்மன் பேரிலோ, என் மனைவி பேரிலோ, ஒருவேளை தங்கள் பேரிலோ பயங்கரமான குற்றச்சாட்டுகள் அதில் இருக்கும். கையெழுத்து இதே கையெழுத்தாகத்தான் இருக்கும். அதில் உள்ள எதையும் நம்ப வேண்டாம். பழைய மனுக்கட்டிலும் சேர்க்க வேண்டாம். கொளஞ்சியப்பனுக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது என்று மட்டும் அதைப் படித்து, யாரையாவது உடனே அனுப்பிவைக்குமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பெரம்பலூர்
நாள்: 12.02.2007, திங்கட்கிழமை

தங்கள் நல்ல பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) அ. கொளஞ்சியப்பன்

மனுதாரர் எங்கள் முன்னிலையில் கையொப்பமிட்டார்:
(ஒப்பம்) கொ. அம்பிகா, மனைவி
(ஒப்பம்) தர்மன், தர்மன் சவுண்ட் சர்வீஸ், வேப்பந்தட்டை